நம் பங்களாவில் தங்கியிருக்கும் உன் தலைவர்

என் அருமை அக்கா,

கோபத்தோடு எழுதுகிறேன். வார்த்தை எங்காவது தடித்துப்போனால் பொறுத்துக்கொள். யாருடைய மேசைக்கு நீ டெல்லியில் இத்தனை வருஷம் விடியுமுன் எழுந்து காலை அறிக்கை தயாரித்துக் கொண்டுபோனாயோ, அந்தத் தலைவர் இப்போது நம் எஸ்டேட் பங்களாவில் தங்கியிருக்கிறார். சாப்பாட்டு அறையில் உன் படத்துக்குக் கீழே உட்கார்ந்து தினமும் தோசை சாப்பிடுகிறார்.

வந்த அன்றே படத்தைப் பார்த்து, "யார் இவங்க?" என்று கேட்டார். "எங்கக்காங்க, போன வருசம் தவறிட்டாங்க" என்றேன். "முகத்துல நல்ல களை" என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டார். காலேஜ் படிக்கும்போது எடுத்த படம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் அக்கா, தினமும் காலையில் எதிரே உட்கார்ந்து பேசிய முகம் ஒரு மனுஷனுக்கு இவ்வளவு அடியோடு மறக்குமா?

இதை மற்றவர்களும் படிக்கப்போவதால் அவர் பெயரையும் பதவியையும் எழுதவில்லை. நாட்டின் பெரிய முடிவுகள் ஒரு காலத்தில் அவர் வாயிலிருந்துதான் வந்தன என்பது போதும். இப்போது பதவி போய்விட்டது. சுயசரிதை எழுத ஏற்காட்டுக் குளிர் தோதாக இருக்கும் என்று யாரோ சொல்லி, செயலாளர் போன் செய்து பங்களா முழுவதையும் ஒரு மாதத்துக்குப் பேசிவிட்டார். யார் வருகிறார் என்று எனக்குத் தெரிந்தது கார் வாசலில் வந்து நின்ற பிறகுதான். திருப்பி அனுப்பியிருப்பேன். என் வீட்டுக்காரி சாந்திதான், "வாசலுக்கு வந்தவங்கள வேண்டாங்காதீங்க" என்று தடுத்துவிட்டாள்.

அதுவரைக்கும்கூடப் பொறுத்துக்கொண்டேன். அடுத்த நாள் வராந்தாவில் காபி வைக்கப் போனபோது, எழுதி முடித்த பக்கத்தைச் செயலாளருக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். எல்லையோர ஊரின் சந்தையில் துப்பாக்கிக்காரர்கள் புகுந்தார்களே, அந்த அத்தியாயம். முன்கூட்டித் தன்னை எவரும் எச்சரிக்கவில்லையாம். உளவுத் தகவல்களைத் தொகுத்துத் தரும் பொறுப்பில் இருந்த பெண் அதிகாரி, மழைக்காலம் முடியும்வரை ஒன்றும் நடக்காது என்று உறுதி கொடுத்தாராம்.

அந்த நாற்காலியில் இருந்த ஒரே பெண் நீதான் என்று உன் ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். உன் மகள் கயலுக்கும் தெரியும். புத்தகம் வந்தால் அவள்தான் முதலில் வாங்கிப் படிப்பாள். அத்தனை சாவுக்கும் அம்மாவின் அசட்டைதான் காரணம் என்று அந்தப் பெண் அச்சில் படிக்க வேண்டுமா?

நீ வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? களத்தில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தோம். அந்தச் சந்தை விஷயத்தை நான்தான் வாயைக் கிளறினேன். நீ மிளகைத் துழாவிக்கொண்டே, "நாஞ் சொன்னன் சாமி. அதுக்கு மேல கேக்காத. வெளிய பேச மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கறேன்" என்றாய். அவ்வளவுதான். அதற்கப்புறம் நோயில் படுத்தபோதும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஏனக்கா, கூடப் பிறந்தவனிடம் இன்னும் நாலு வார்த்தை பேசியிருந்தால் நாடு கவிழ்ந்தா போயிருக்கும்? இப்போது நான் எதை வைத்துக்கொண்டு இவரோடு மல்லுக்கு நிற்பது?

முதலில் ஆள் புளுகுகிறார் என்றுதான் நினைத்தேன். கூடவே இருந்து பார்க்கப் பார்க்கத்தான் விஷயம் பிடிபட்டது. இவர் புளுகவில்லை. புளுகியிருந்தால்கூடத் தேவலாம்.

தினமும் காலையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு வராந்தாவுக்கு வந்து, "என்ன நிலவரம்?" என்பார். பதவி போனாலும் அந்தப் பழக்கம் போகவில்லை. நாம் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பார். இடையில் குறுக்கிட மாட்டார். நல்ல நல்ல கேள்வியாகக் கேட்பார். இப்படிக் கேட்கிற மனுஷனை நான் பார்த்ததே இல்லை, நமக்கே பெருமையாக இருக்கும். ஆனால் நாம் சொன்ன பதில் அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் மறுக்க மாட்டார், கோபிக்க மாட்டார். எழுந்து போய் அடுத்த ஆளைக் கேட்பார்.

அவருக்குச் சர்க்கரை நோய். மலைவாழைப்பழம் சாப்பிடலாமா என்று என்னைக் கேட்டார், டாக்டரைக் கேளுங்கள் என்றேன். டாக்டர் போனிலேயே கூடாது என்றார். சாந்தி கூடாது என்றாள். சமையல் செய்யும் ராசாத்தியும் கூடாது என்றாள். கடைசியில் தோட்டக்காரரிடம் போய் நின்றார். அந்த மனுஷன் சங்கடப்பட்டுக்கொண்டு, "மலப்பழந்தானுங்க, அது ஒண்ணும் பண்ணாதுங்க" என்று சொல்லிவைத்தார். அதோடு விசாரணை முடிந்தது. "இந்த மண்ணுல பிறந்தவர் சொல்றார், இவரைவிட நிபுணர் யாரு?" என்று அங்கேயே ஒரு சீப்பைப் பிய்த்துக்கொண்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பிடித்த பதில் கிடைத்த நிமிஷமே மற்ற பதில்கள் எல்லாம் அவர் தலையிலிருந்து இறங்கிவிடுகின்றன. மறுநாள் டாக்டர் சத்தம் போட்டபோது, "யாரும் வேண்டாம்னு சொல்லலையே" என்றார். சத்தியமாக நடிக்கவில்லை அக்கா. பச்சைக் குழந்தை மாதிரி என் முகத்தைப் பார்த்தார்.

பழத்தோடு நின்றிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். போன வாரம் கொட்டச்சேட்டில் ஒரு பழைய நண்பரின் எஸ்டேட்டைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பினார். ராத்திரியெல்லாம் மழை கொட்டியிருந்தது. "இறக்கத்துல மண்ணு சரிஞ்சு கிடக்குதுங்க ஐயா, மஞ்சும் எறங்கியிருக்குது. இன்னிக்கு வேண்டாமுங்க" என்றேன். எந்த வளைவில், ரோட்டில் பாதிக்கு வந்துவிட்டதா, பஸ் போகிறதா என்று எல்லாம் கேட்டுக்கொண்டார். பஸ் மஞ்சக்குட்டையிலேயே திரும்பிவிடுகிறது என்றும் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனார். ராசாத்தியும் வேண்டாம் என்றாள். பால்காரரும் வேண்டாம் என்றார்.

பிறகு ஜீப் ஓட்டும் மாதேஸிடம் போனார். மஞ்சக்குட்டைப் பையன், உனக்குத் தெரியும், உன்னை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனவன். அவன் தோளில் கையைப் போட்டு, "மாதேஸ், உன்னை மாதிரி ஓட்டறவனுக்கு இதெல்லாம் ஒரு ரோடா?" என்றார். இதுவா கேள்வி? பதிலை ஊட்டிவிட்டு அல்லவா கேட்கிறார்! நாட்டை நடத்தியவர் தோளில் கைபோட்டால் அவன்தான் என்ன செய்வான்? "பாத்துப் போயிரலாமுங்க" என்றுவிட்டான்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பாதி வழியில் ஜீப் சறுக்கி, முன்சக்கரம் ஓடையில் இறங்கி, அச்சு முறிந்தது. நல்லவேளை, யாருக்கும் பெரிய அடியில்லை. காய்கறி வண்டியில் ஏறித் திரும்பி வந்தவர், சூடாக ரசம் குடித்துக்கொண்டே, "டிரைவர் சொன்னதை நம்பிப் போனேன். ஆபத்துன்னு ஒருத்தர்கூடச் சொல்லலையே" என்றார். பரிமாறிக்கொண்டிருந்த ராசாத்தி கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். இனி அந்த டிரைவர் வேண்டாம் என்று செயலாளர் உத்தரவு போட்டார்.

அந்த ராத்திரிதான் அக்கா உன்னை எனக்குப் புரிந்தது. நீ ஏன் அப்படி வாயடைத்துப்போய் வந்து சேர்ந்தாய் என்று புரிந்தது. நீ சொல்லியிருக்கிறாய். அவரும் நன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பிறகு உன் அறையிலிருந்து எழுந்து அடுத்த அறைக்குப் போயிருக்கிறார். மழைக்காலம் முடியட்டும் என்று ஏதோ ஒரு வாய் சொல்லும்வரைக்கும் போய்க்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு பழத்துக்கும் ஒரு ஜீப்புக்கும் நடந்தது அங்கே ஒரு ஊருக்கே நடந்திருக்கிறது. கடைசியில் கேட்ட பதிலைத்தான் இப்போது உன் வாயில் வைத்து எழுதுகிறார்.

நேற்றுக் காலையில் சால்வையோடு வந்து நிலவரம் கேட்டபோது, "ஐயா, இன்னிக்கு வேற ஒண்ணு சொல்லோணுங்க" என்றேன். நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை.

"அந்தச் சந்தை விசயத்துல ஒரு அதிகாரிய எழுதறீங்களே, அவங்க எங்கக்காங்க. உள்ள படத்துல இருக்கறவங்கதான். அவங்க உங்ககிட்ட முன்னாடியே சொன்னாங்க. சொல்லலைன்னு எழுதறது நாயமில்லைங்க."

எழுந்து உள்ளே போய் உன் படத்தின் முன்னால் நின்றார். "அவங்களா!" என்றார். கண் கலங்கியது என்றால் நீ நம்ப மாட்டாய். கலங்கியது. நோய் என்ன, கடைசியில் கஷ்டப்பட்டாயா, உன் மகள் என்ன செய்கிறாள் என்றெல்லாம் விசாரித்தார். பிறகு மெதுவாக, "சொன்னாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"சொன்னேன்னு எங்கிட்டச் சொன்னாங்க. எங்கக்கா பொய் பேச மாட்டாங்க."

எவ்வளவு நோஞ்சான் பதில் பார். சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது. அவர் அதையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டுத் திரும்பிச் செயலாளரைப் பார்த்து, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றார்! "அப்படி எதுவும் ஞாபகம் இல்லைங்க ஐயா" என்றார் அவர். அப்போது மாதேஸ், ஷெட்டில் விட்டுப்போன தார்ப்பாயை எடுக்க வந்திருந்தான். இவருக்குக் கை பரபரத்தது போலிருக்கிறது. அவனையும் கூப்பிட்டார். "மாதேஸ், ஒரு பெரிய அதிகாரி ஆபத்துன்னு சொல்லியிருந்தா நான் கேக்காம இருந்திருப்பேனா? நீ சொல்லு."

மாதேஸ் தார்ப்பாயைக் கீழே வைத்தான். "எனக்கு அந்த ஊரு விசயம் தெரியாதுங்க. நம்ம ரோட்டு விசயந்தான் தெரியுமுங்க. அன்னிக்கு அத்தன பேரும் வேண்டாமுன்னுதான் சொன்னாங்க. நானும் மனசுக்குள்ள வேண்டாமுன்னுதான் நெனச்சேன். உங்க மொகத்தப் பாத்துட்டு மாத்திச் சொல்லிப்போட்டனுங்க."

"மனசுல பட்டதை ஏம்பா என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா அடுத்த ஆளக் கேப்பீங்கன்னு தெரியுமுங்க."

அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அப்பாடா, உறைத்துவிட்டது என்று நினைத்தேன். மத்தியானம் காபி கொண்டுபோனால் அதே அத்தியாயத்தைத் திருத்தச் சொல்லிக்கொண்டிருந்தார். 'எவரும் எச்சரிக்கவில்லை' என்பதை எடுத்தாகிவிட்டது. அதற்குப் பதிலாக, 'முன்பே எச்சரிக்கை இருந்ததாக இப்போது சிலர் கருதுகிறார்கள்' என்று போட்டிருக்கிறார். 'பெண் அதிகாரி உறுதி கொடுத்தார்' என்பது அப்படியே இருக்கிறது. எனக்குச் சிரிப்பதா, தட்டை அவர் தலையில் கவிழ்ப்பதா என்று தெரியவில்லை.

நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்து வாயைக் கட்டிக்கொண்டாய். நான் யாருக்கும் எந்தக் கையெழுத்தும் போட்டுக் கொடுக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். கயலிடம் நேற்றே போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "மாமா, அம்மாவ எனக்குத் தெரியாதா?" என்றாள்.

இன்னும் பத்துப் பதினைந்து நாள் அவர் இங்கேதான் இருக்கப்போகிறார். உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். காலையில் வந்து நிலவரம் கேட்டால், மழையையும் ரோட்டையும் சொல்வதற்கு முன்னால், "எங்கக்கா உங்ககிட்டச் சொன்னாங்க" என்று சொல்வேன். கிளம்புகிற நாள்வரை தினமும் சொல்வேன். அவர் எழுந்து சமையல்கட்டுக்குப் போவார்; ராசாத்தியும் அதையே சொல்வாள். தோட்டத்துக்குப் போவார், தோட்டக்காரரும் இந்தத் தடவை அதையே சொல்வார். வாசல் கேட்டுக்குப் போனால் பால்காரர், ஷெட்டுக்குப் போனால் ஜீப்பைச் சரிபார்க்க வரும் மாதேஸ். யாரையும் நான் கெஞ்சவில்லை அக்கா. உன்னைத் தெரிந்தவர்கள், அவர்களாகவே சொன்னார்கள். அவர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சுற்றி வரட்டும். இந்தக் காம்பவுண்டுக்குள் வேறு பதில் கிடைக்காது.

நீ சொன்னாய் என்று சொல்லிக்கொண்டே இருக்கப்போகும்
உன் தம்பி,
குணசேகரன்