கட்டுரையில் இல்லாத கால்கள்

மே 4, திங்கள். பாகூர்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. ஆஸ்பத்திரிக் கிணற்று ராட்டினம் மறுபடி மக்கர். அயோடின் தீரப்போகிறது; எழுதிக் கேட்க வேண்டும்.

பாரிசிலிருந்து கடிதம். ஒட்டுண்ணிகளைப் பற்றிப் பாடப்புத்தகம் எழுதும் பேராசிரியர். நரம்புச்சிலந்தி நோயைப் பற்றி நான் வெளியிட்ட கட்டுரையைப் படித்தாராம். மீன் விட்ட குளத்தில் அந்த நோய் வராது என்ற என் முடிவை அப்படியே சேர்க்கப் போகிறார். திருத்தம் ஏதும் உண்டா என்று கேட்டிருக்கிறார். ஆப்பிரிக்காவில்கூட அதைப் பார்த்துக் குளங்களில் மீன் விடுகிறார்களாம்.

மூன்று முறை படித்தேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டே நோயாளிகளைப் பார்த்தேன்.

மே 5, செவ்வாய்

அபிஷேகப்பாக்கத்திலிருந்து முனியம்மா, கூலி வேலை செய்பவள், மகள் செல்லியை இடுப்பில் தூக்கிக்கொண்டு. பிள்ளைக்கு ஒன்பது வயதிருக்கும். கணுக்காலில் கொப்புளம். தண்ணீர் ஊற்றியதும் உடைந்தது. உள்ளே வெள்ளை நூல் போல ஒரு முனை. நரம்புச்சிலந்தி.

என் கட்டுரை இவர்கள் குளத்தைப் பற்றியதுதான்.

குடித்த தண்ணீரோடு உள்ளே போகும் புழு, காலைத் துளைத்து வெளியே வர ஏறக்குறைய ஒரு வருஷம். நான் மீன் விட்டு இரண்டு வருஷம். வெளியூர், உறவுக்காரர் வீடு, திருவிழா என்று துருவித் துருவிக் கேட்டேன். எங்கும் போகவில்லை. துணியில் வடிகட்டவில்லையா என்றேன்.

"நீங்கதான ஐயா வோணாம்னீங்க. தண்டோராகூட போட்டாங்களே."

புழுவின் முனையைத் தீக்குச்சியில் சுற்றினேன். தினம் ஒரு விரற்கடைதான் இழுக்கலாம். அறுந்தால் சீழ், காலே போகலாம். செல்லி அழவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே 6, புதன்

தூக்கமில்லை. விடிந்ததும் சைக்கிளில் குளத்துக்கு. வலைத்துணி, லென்ஸ், ஜாடி நான்கு.

நடுக்குளத்துத் தண்ணீர்: சுத்தம். புழுவைச் சுமக்கும் நீர்ப்பூச்சி ஒன்றுகூட இல்லை. மீன் தின்றுவிட்டது.

படித்துறை ஓரம், கோரை மண்டிய இடம்: ஜாடி முழுக்கப் பூச்சி. கோரைக்குள் மீன் நுழையவில்லை. குடத்தை முக்குவதும் அங்கேதான்.

அன்று, கட்டுரைக்காகத் தண்ணீர் எடுத்தபோது, வாழைத் தெப்பத்தில் நடுக்குளத்துக்குப் போய் எல்லா ஜாடிகளையும் அங்கேயே நிரப்பினேன். ஓரத்துத் தண்ணீர் கலங்கல், லென்ஸில் பார்க்கச் சிரமம் என்று விட்டுவிட்டேன். அவ்வளவுதான் காரணம். சோம்பல்.

மே 8, வெள்ளி. புதுச்சேரி

என் மேலதிகாரி, கட்டுரையைப் பாரிசுக்கு அனுப்பிவைத்த பெரிய டாக்டரைப் பார்த்தேன். (இனி பெ.டா.) ஜாடியை மேசைமேல் வைத்ததும் தொப்பியைத் தள்ளி வைத்துக்கொண்டார். எல்லாக் கொம்யூன் ஊர்க் குளங்களிலும் மீன் விட உத்தரவு போயாகிவிட்டது என்றார். ஒரே ஒரு பெண்ணுக்காகக் கட்டுரையை மறுப்பதா? பாரிசுக்கு எழுதினால் இரண்டு பேர் பெயரும் கெடும், அதற்குப் பிறகு நான் பாகூரில் இருக்க முடியாது என்றும் சொன்னார். சிரித்துக்கொண்டேதான்.

கடைசியாகக் கேட்டார்: இரண்டு வருஷமாக உங்கள் பதிவேட்டில் வேறு ஒரு நோயாளி உண்டா?

இல்லை. ஒருவர்கூட இல்லை.

வழி நெடுக அதே கேள்வி. அவர் சொல்வது சரியாக இருந்துவிட்டால்? பூச்சி இருப்பதாலேயே நோய் இருக்க வேண்டுமென்று இல்லையே. சரியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். வெட்கம்.

மே 9, சனி

செல்லி: புழு அறுபடவில்லை. ஜுரம் குறைவு. கஞ்சி கேட்டாள்.

பேராசிரியருக்குப் பதில் எழுதி இரண்டு முறை கிழித்தேன்.

மே 10, ஞாயிறு

பூசை முடிந்து நேராக அபிஷேகப்பாக்கம். தண்ணீருக்கு வந்தவர்களை நிறுத்திச் சொன்னேன்: நான் எழுதியது தப்பு. வடிகட்டிக் குடியுங்கள். கோரையை வெட்டுங்கள். காலில் புண் உள்ளவர்கள் குளத்தில் இறங்காதீர்கள்.

குடத்தோடு அப்படியே நின்றார்கள். திட்டினால் தேவலை என்றிருந்தது.

ஒருவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் காட்டினார். ஆறிய வடு. போன வருஷத்தது. பின்னால் நின்ற பெண் காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். அப்புறம் இன்னொருவர். அப்புறம் அவர் தம்பி.

ஏன் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்று கேட்டேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முனியம்மாதான் சொன்னாள்.

"நம்ம கொளத்த பத்தி நீங்க எழுதினது சீமைக்கே போயிருக்குதுன்னு தலையாரி சொன்னாரு. நாம போயி காலக் காட்டுனா ஐயா பேரு இன்னா ஆவறதுன்னுதான் யாரும் வர்ல. எம்பொண்ணால நடக்கவே முடில, அதான் வந்துட்டேன்."

படியில் உட்கார்ந்து பேர் எழுதினேன். பதினாறு.

மே 11, திங்கள்

பாரிசுக்குக் கடிதம் போட்டாயிற்று. பதினாறு பேரும் உள்ளே, பேர், வயது, எந்தக் கால் என்பது வரை. பெ.டா.வுக்கு நகல்.

வாசலில் மாட்டு வண்டி. இறங்க முடியாமல் மூன்று பேர். வண்டிக்காரரும் நொண்டுகிறார். போகிறேன்.