ஹொடி என்றாய்

இன்று கேமராவைச் சர்வீசுக்குக் கொடுத்தேன். கடைக்காரர் அதன் நசுங்கிய மூலையைத் தடவிப் பார்த்து, "இதத் தட்டி நேராக்கிடட்டுங்களா?" என்றார். "அதுல கை வெக்காதீங்க" என்று கத்திவிட்டேன். பாவம், மனிதர் பயந்துபோனார். அவருக்கு உன்னைத் தெரியாதே.

நாம் சேர்ந்து படம் எடுத்தோம் என்பதைவிட அடித்துக்கொண்டோம் என்பதுதான் சரி. நான் எடுத்த போட்டோக்களைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, தீய்த்து, சுத்தியலால் அடித்து, அவை நாசமாவதைப் படம்பிடிப்பாய். அதுதான் உன் சினிமா. என் அம்மா போட்டோவில் ஓட்டை போட்ட அன்று ஓசூர் பஸ் ஸ்டாண்டில் வைத்தே உன் சட்டையைப் பிடித்தேன். "நீ தள்ளி நின்னு எடுக்கற மச்சா. அடி விழற எடத்துல உன் கேமரா இல்லியே" என்றாய். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

குருபரப்பள்ளிக்கு அப்பால் ஒரு கல்குவாரியில், வெடி வைக்கும் பாறைக்கு எதிரே என் படங்களைக் கட்டித் தொங்கவிட்டோம். கல் பறந்து அவற்றைக் கிழிப்பதை நீ எடுக்க வேண்டும். யாருக்கும் புரியாத படம். குவாரி ஆட்களோ கோர்ட்டுக்கு ஆதாரம் சேர்க்கிறோம் என்று நினைத்துவிட்டார்கள். கம்பிகளோடு வந்தார்கள். முதல் அடி உன் கேமராவுக்கு, அடுத்தது உன் தலைக்கு. வாயெல்லாம் ரத்தத்தோடு என்னைப் பார்த்து, "ஹொடி மச்சா, ஹொடி" என்றாய்.

உன் கன்னடத்தில் போட்டோ எடுப்பதும் ஹொடி, ஆளை அடிப்பதும் ஹொடி. நான் யோசிக்கவில்லை. என் கேமராவின் வாரைக் கையில் சுற்றி வீசி, உன்மேல் குனிந்திருந்தவன் தாடையில் அடித்தேன். எலும்பு உடையும் சத்தம் கேட்டது. மறுபடியும் அடித்தேன். அதற்காக இன்றைக்கும் எனக்கு வருத்தமில்லை. லாரிக்காரர்கள் ஓடிவந்ததால்தான் உன்னை உயிரோடு தூக்கிவர முடிந்தது.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் உனக்கு ஒரு கண்தான் திறந்தது. "போட்டோ ஹொடின்னா ஆள ஹொடிச்சிருக்கியே, லூசு" என்று விலா வலிக்கச் சிரித்தாய். ஆனால் பிலிமைக் கழுவியபோது கடைசியில் ஒரு படம் இருந்தது. அடித்த வேகத்தில் ஷட்டர் தானாக விழுந்திருக்கிறது. அடி வாங்கியவனின் கலங்கிய பற்கள், சாய்ந்த பாறை, ஓரத்தில் உன் கை. அந்தப் பிரிண்டை உன் கண்ணருகே பிடித்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இத நான் கிழிக்க மாட்டேன் மச்சா" என்றாய்.

அந்த வாரமே, அதே கட்டிலில், உயிர் போய்விட்டது உனக்கு.

மூலை நசுங்கியே இருக்கட்டும். இப்போதெல்லாம் நான் தள்ளி நிற்பதில்லை. குழந்தையின் பிறந்தநாளோ, கல்யாண வீடோ, யாரைப் படம் எடுக்கப் போனாலும், கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகும் முன்னால் என் கை அந்த வாரை இறுக்கிச் சுற்றிக்கொள்கிறது.