தேதி மாற்றாத பாட்டில்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையைப் பாதியாக உடைத்து மிச்சம் பிடிக்காதீர்கள்.

இங்கே ஒரு சின்ன விஷயம். வேறு யாராவது பெரிதாக்கிச் சொல்லுமுன் நானே எழுதிவிடுகிறேன். மாணவர் விடுதி ஒன்றில் பதினொரு பேருக்கு வயிற்றுப்போக்கு. வட்டார சுகாதார அலுவலகத்திலிருந்து நான் போய்ப் பாட்டிலில் தண்ணீர் எடுத்துவந்தேன். இரண்டு நாள் கழித்து வந்த பரிசோதனை முடிவில் சாக்கடைக் கிருமி இருந்தது. சமையலறையை மூடச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினேன்.

அன்று மாலையே விடுதி மேலாளர் தொட்டியில் குளோரினைக் கொட்டிவிட்டு அலுவலகத்துக்கு வந்தார்.

"இப்ப ஒரு பாட்டில் எடுங்க மேடம். முந்தாநாள் தேதி போட்டு, பழசைத் தூக்கிப் போட்டுடலாம்."

எங்கள் அதிகாரியும் தலையாட்டினார். "எதுக்கும்மா வம்பு? நீ வெளியூர்க்காரி."

"வெளியூர்க்காரிக்கும் தேதி தெரியும் சார்" என்றேன்.

புது பாட்டிலில் அன்றைய தேதியைத்தான் எழுதினேன். பழைய முடிவு கோப்பில் அப்படியே இருக்கிறது. சாக்கடை கலக்கும் உடைந்த குழாயை மாற்றும்வரை அந்தச் சமையலறை திறக்காது. என்னைத்தான் காலி பாட்டில் அடுக்கும் அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். வேலை சுலபம், கவலைப்படாதீர்கள்.

டக்டக்கென்று உயிரை வாங்குகிறதென்று நீங்கள் திட்டுவீர்களே, அந்தக் கடிகாரத்தை அனுப்பிவையுங்கள். சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு இப்போது யாரும் வருவதில்லை; அறைக்குத் திரும்பினாலும் சத்தமே இல்லை.

தபால்காரர் வந்துவிட்டார். ஐந்து மணிக்குள் மன்னிப்புக் கடிதம் எழுதித் தராவிட்டால் வேலை போகுமாம். இன்றைக்கு நான் எழுதும் ஒரே கடிதம் இதுதான், அம்மா.

உங்கள் மகள்