வயிற்றில் இருந்தது தண்ணீர்

எல் ஆல்ட்டோ,
செவ்வாய்க்கிழமை.

என் செவேரோவுக்கு,

பாசிலியா எழுதுகிறேன். என் குரல் கேட்டாலே போனை வைத்துவிடுகிறீர்கள். அதனால் சிலியில் உங்கள் கலாமா வரை போகும் பஸ் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் வேலை செய்யும் சுரங்கத்தில் குளிர் கடுமையாமே, கம்பளியைக் கழற்றாதீர்கள்.

உங்கள் அக்கா எவுலாலியா உங்களிடம் என்ன சொன்னார் என்று தெரியும். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. யார் பார்த்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். நீங்கள் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. இந்தக் கார்னிவல் முடிந்த கையோடு என் வயிறு பெருக்கத் தொடங்கியது. கை கால் குச்சி, வயிறு மட்டும் பானை. பாவாடை நாடா எட்டவில்லை. சந்தையில் உருளைக்கிழங்கு விற்கும் பெண்கள் என் காதுபடவே, "புருஷன் சிலியில, புள்ள தபால்ல வந்துச்சா?" என்று சிரித்தார்கள்.

ஒருநாள் அக்கா வந்து, "வாடி, யாரோட புள்ளன்னு டாக்டர் முன்னாடி சொல்லு" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார். ஸ்கேன் எடுத்த பெண் வெகுநேரம் தேடினாள். "குழந்தையே இல்லம்மா. முழுக்கத் தண்ணி" என்றாள். அக்கா சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

அதற்கப்புறம்தான் பெரும்பாடு. முதலில் பார்த்த டாக்டர், எத்தனை வருஷமாகக் குடிக்கிறாய் என்று கேட்டார். பூமித்தாய் பச்சமாமாவுக்குப் படையலாக மண்ணில் ஊற்றுவதைத் தவிர நான் புட்டியைத் தொட்டவளா? அக்காதான் சண்டைக்குப் போனார்: "என் தம்பி பொண்டாட்டி குடிச்சா எனக்குத் தெரியாதா?" ரத்தம் கெட்டியாக இருந்ததற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்கள். மலைமேல் இந்த உயரத்தில் வாழும் எல்லாருக்கும் அப்படித்தானாம்.

கடைசியில் லா பாஸில் நொயெமி என்று ஒரு ரத்த டாக்டர். என் முகச் சிவப்பைப் பார்த்ததும், "வெந்நீர்ல குளிச்சா உடம்பு அரிக்குதா?" என்றார். திகைத்துப்போனேன். குளிக்கப் பயந்தவள் என்று நீங்களே எத்தனை தரம் கேலி செய்திருக்கிறீர்கள்! "உயரத்தால ஏறுறது சிவப்பணு மட்டுந்தான். உங்களுக்கு எல்லா அணுவும் ஏறியிருக்கு. இது மலையோட வேலை இல்ல" என்றார். ஒரு பரிசோதனையில் அது உறுதியானது. எலும்புக்குள் ரத்தம் அளவுக்கு மீறி ஊறுகிறதாம். அது உறைந்து ஈரலின் ரத்தக்குழாய்களை அடைத்ததால்தான் வயிற்றில் நீர் கட்டியதாம். லட்சத்தில் ஒருவருக்கு வருவதே அபூர்வமாம். முழுசாகக் குணமாகாது, மாத்திரையில் அடக்கி வைக்கலாம் என்கிறார்.

ஊசி போட்டு நீரை இறக்கியபோது அக்கா என் பாதங்களைப் பிடித்துக்கொண்டு, "பாவி நான், பாவி நான்" என்று அழுதார். நான்தான் அவரைத் தேற்ற வேண்டியதாயிற்று. இப்போது வயிறு வற்றியிருக்கிறது. உலர்ந்த உருளைக்கிழங்கு போட்ட சூன்யோ சூப் ஒரு கிண்ணம் இறங்குகிறது.

இனி அவ்வப்போது ரத்தம் எடுத்துக் குறைக்க வேண்டும். எடுத்ததும் தலை சுற்றும், துணைக்கு யார் வருவார்கள் என்று நர்ஸ் கேட்டாள். அக்கா வாய் திறப்பதற்குள், "என் புருஷன்" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கலாமா, தெரியவில்லை.

இது காற்று மாதம். நீங்கள் வரும் வழியெல்லாம் மலைத் தெய்வங்கள் துணை நிற்கட்டும்.

உங்கள்
பாசிலியா