வந்தவர்களுக்குக் காற்று

மச்சான்,

இந்த முறையும் எங்கள் பிள்ளைகளுக்குக் காற்றைக் கொடுக்கப் போகிறார்கள். இதைத்தான் அநியாயம் என்கிறேன். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். தருவதை அநியாயம் என்று சொல்லும் கிழவனை இவர்கள் கண்டதில்லை. நீ சிரிக்கமாட்டாய். இதைத் தொடங்கி வைத்தவன் நீதானே.

இன்று அஸர் தொழுதுவிட்டு மைதானத்துப் பக்கம் போனேன். வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்குக் கோடு போடுகிறார்கள். தெற்குக் கோல் கம்பத்தின் உச்சியில், நீ கட்டுவது போலவே ஒரு பழைய சாரத்துண்டைக் கட்டியிருந்தார்கள். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று அதைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் நீ பக்கத்தில் நிற்பதாக நினைத்துத் திரும்பிவிட்டேன். நீ மவுத்தாகி மண்ணுக்குள் போன பிறகு வரும் இரண்டாவது சோளகம் இது.

யுத்தத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, நாங்கள் தோணியில் கற்பிட்டிக்கு வந்து இறங்கிய அடுத்த சோளகத்தில்தான் முதல் ஆட்டம் நடந்தது. எத்தாளையில் உன் வெங்காயத் தோட்டத்துக்குப் பின்னால் எங்கள் தென்னங்கிடுகுக் கொட்டில்கள். உன் கிணற்றில்தான் எங்கள் பெண்கள் தண்ணீர் அள்ளினார்கள். உங்கள் ஊர்ப் பொடியன்களுக்கும் எங்கள் முகாம் பொடியன்களுக்கும் பந்தாட்டம். நான் கோல் காத்தேன். விசில் உன் வாயில். பக்கம் பிரிக்கக் காசைச் சுண்டப்போனவன், எங்கள் பொடியன்களின் வெறுங்கால்களைப் பார்த்துவிட்டுக் காசை மடியில் செருகினாய்.

"காசு என்னத்துக்கு? வந்த பிள்ளைகள். அவங்களுக்குக் காத்தக் குடுங்க" என்றாய்.

அந்த மைதானத்தில் அது சின்னக் கொடை அல்ல. முதல் பாதியில் சோளகம் மூர்க்கமாக அடிக்கும். அதை முதுகில் வாங்கி ஆடுகிறவன் அரை மைதானத்திலிருந்தே கோலுக்கு அடிக்கலாம். பக்கம் மாறும்போது பொழுது சாய்ந்து மஃரிப் நெருங்கிவிடும், காற்று அடங்கிவிடும். முதலில் காற்றை வாங்கியவன் முழுதாக வாங்கியவன். நாங்கள் நான்கு கோல் போட்டோம். ஆட்டம் முடிந்து நீ என் தோளைப் பிடித்து உலுக்கினாய். "டேய் மன்னாரான், காத்தத் தந்தது விளையாடத்தான். எங்கள வெக்கப்படுத்தவா?" அன்றைக்குத்தான், மச்சான், முகாமுக்கு வந்த பிறகு நான் முதல் தடவை சிரித்தேன். அதை மறுக்கவில்லை. உன் கொடையை நான் ஒருநாளும் குறைத்துச் சொன்னதில்லை.

ஆனால் அது நிற்கவில்லை. முகாமில் பள்ளிக்கூடம் வந்தது. கிடுகு போய் ஓடு வந்தது. இன்று உங்கள் பள்ளிக்கூடத்துக்கும் எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரி என்றுதான் பெயர்ப்பலகை. முகாமிலே பிறந்த பிள்ளைகள் கலியாணம் கட்டி, அவர்களின் பிள்ளைகள் இறங்கி ஆடுகிறார்கள். ஒவ்வொரு சோளகத்திலும் அதே குரல்: வந்தவங்களுக்குக் காத்தக் குடுங்க. வென்றால், "காத்து வெண்டிச்சு" என்பார்கள். தோற்றால், "காத்தக் குடுத்தும் ஏலல்லயே" என்பார்கள். வென்றாலும் தோற்றாலும் எங்கள் பிள்ளைகளுக்கு அதில் பங்கில்லை.

உன்னிடம் எத்தனை தடவை சொன்னேன். மைதான ஓரத்தில் கதிரை போட்டு இருந்தபோதும் சொன்னேன், நீ படுக்கையில் விழுந்த பிறகும் சொன்னேன். "அந்தக் காத்தத் திருப்பி எடு" என்றேன். நீ ஒரே பதிலைத்தான் வைத்திருந்தாய். "நீ ஊருக்குப் போன பிறகு எடுக்குறன் மச்சான்."

நான் போகவில்லை. நீ போய்விட்டாய்.

யுத்தம் முடிந்ததும் ஊருக்குப் போய்ப் பார்த்தேன் என்பது உனக்குத் தெரியும். அங்கே நடந்ததை முழுதாக உன்னிடம் சொல்லவில்லை. என் காணியில் வேறு யாரோ வேலி போட்டிருந்தார்கள். அடுத்த வீட்டுப் பொடியன், நான் போன பிறகு பிறந்தவன், மரியாதையாகக் கதிரை கொண்டுவந்து போட்டான். பிளேன்டீ தந்தான். உள்ளே திரும்பி, "அம்மா, புத்தளத்து ஆக்கள் வந்திருக்காங்க" என்றான். கற்பிட்டி இருப்பது புத்தளம் மாவட்டம்தானே. பிறகு என்னிடம் கேட்டான்: "எப்ப திரும்பிப் போறீங்க?" எனக்குக் கதிரை எல்லா இடத்திலும் கிடைக்கிறது, மச்சான். எழுந்து போகும் நேரத்தையும் அவர்களே கேட்கிறார்கள்.

இனி நல்ல செய்தியைச் சொல்கிறேன். போன கிழமை மாவட்டக் கிண்ணத்துக்கான கடைசி ஆட்டத்தில், சிலாபத்து அணியை அவர்களுடைய மைதானத்திலேயே எங்கள் பிள்ளைகள் வென்றார்கள். இரண்டுக்கு ஒன்று. அணித்தலைவன் என் மகளின் மகன் சப்ரி. காசு சுண்டியதில் அவன் தோற்றான். முதல் பாதி முழுக்கக் காற்றுக்கு முகம் கொடுத்து ஆடினார்கள். முதல் பாதியில் ஒருநாளும் அப்படி ஆடியறியாத பிள்ளைகள். ஒரு கோல் வாங்கினார்கள், குலையவில்லை. இரண்டாம் பாதியில் இரண்டு கோல். இரண்டாவது சப்ரியுடையது; பந்து தரையை விட்டு எழும்பவேயில்லை. பிறகு அவனிடம் எப்படியடா என்று கேட்டேன். "மூத்தப்பா, காத்து மூஞ்சில அடிச்சா பந்து எங்க விழுமெண்டு தெரியுது. முதுகில அடிக்கக்குள்ளதான் ஒண்டும் தெரியிறல்ல" என்றான்.

அங்கே ஒலிபெருக்கியில் எங்களை எப்படிச் சொன்னார்கள் தெரியுமா? கற்பிட்டி அணி. முகாம் அணி அல்ல, மன்னார் அணி அல்ல. தேநீர்க் கடையில் ஒரு சிங்கள மனிதர் என் முதுகில் தட்டி, "கல்பிட்டியே கொல்லோ ஹொந்தய்" என்றார். கற்பிட்டிப் பொடியன்கள் நல்லவன்களாம். சிலாபத்தில் ஒரு பொழுது நான் கற்பிட்டிக்காரனாக இருந்தேன். பஸ் பாலாவியில் திரும்பி நம் பாதையில் ஏறியதும் அது முடிந்துவிட்டது.

நம் இரண்டு பக்கத்திலும் மாவட்டக் கிண்ணத்தைக் கடைசியாக வென்றவர்கள்தான் அந்த வருட ஆட்டத்துக்கு வீட்டுக்காரர்கள். இதுவும் நீ வைத்த வழக்கம். கொடி அவர்களுடையது, தேநீர் அவர்களுடையது, காற்றைக் கொடுப்பதும் அவர்கள். இத்தனை காலம் கிண்ணம் எங்கள் பக்கம் வந்ததில்லை. இப்போது வந்திருக்கிறது. மைதானக் குழுவுக்குத் தலைவன் உன் மூத்த மகன். முந்தாநாள் வீட்டுக்கு வந்தான், கையில் ஒரு பை சின்ன வெங்காயத்தோடு. உன் நடை, உன் குரல்.

"மாமா, கிண்ணம் உங்கட பிள்ளைகள்ற. அதுல பேச்சில்ல. ஆனா கிறவுண்ட் எங்கட. நீங்க எப்பயும் போல விருந்தாளியா வாங்க. காத்து உங்களுக்குத்தான்."

"எங்களுக்குக் காத்து வேணாம்" என்றேன்.

அவன் முகம் சுருங்கிற்று. "வாப்பா தந்தத வேணாமெண்டு சொல்றீங்களா?"

"உன்ட வாப்பா வந்தவனுக்குக் குடுத்தார். நான் வந்து எத்தின வருஷம்?"

"நீங்கதானே மாமா போறன் போறன் எண்டு சொல்லிக்கொண்டே இருந்தீங்க."

உண்மைதான், சொன்னேன். போவேன் என்று சொல்லாவிட்டால் என் ஊர் போய்விடும். சொன்னால் இந்த ஊர் கிடைக்காது. இந்த இரண்டுக்கும் நடுவில் என்னை நிறுத்தியவன் நீ அல்ல. ஆனால் உன் கொடைதான் இன்று வாசலில் நின்று வழி மறிக்கிறது. வாங்கினால் வந்தவன். மறுத்தால் உன்னை அவமதித்தவன். உன் மகன் வெங்காயத்தை வைத்துவிட்டுத்தான் போனான். மகள் அதை உரிக்கும்போது அந்த மணம் வீடெல்லாம் பரவிற்று. உன் தோட்டத்து மணம். நான் எழுந்து வெளியே போய் நின்றேன்.

ஆகவே செய்ய வேண்டியதை உனக்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் கல்லூரி அதிபர், வெள்ளிக்கிழமை தேநீர் எங்களுடையது என்று உங்கள் கல்லூரி அதிபருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். பயப்படாமல் சொல்ல வேண்டும். என் மகள் அந்த வெங்காயத்தில் சம்பல் அரைத்து, மீன் வைத்த மாலு பாண் செய்து, முதலில் உங்கள் பிள்ளைகளுக்குப் பரிமாற வேண்டும். சப்ரி தன் ஆட்களோடு வடக்குப் பக்கம் போய், காற்றுக்கு முகம் கொடுத்து நிற்க வேண்டும். உங்கள் பிள்ளைகளும் மரியாதைக்கு அதே பக்கம் வந்து நின்றால் நிற்கட்டும். இரண்டு அணியும் மஃரிப் வரை ஒரே பக்கத்தில் நின்றாலும் சப்ரி நகரக் கூடாது. அவன் நடுக்கோட்டில் உன் மகனைப் பார்த்து, உன் சொல்லையே சொல்ல வேண்டும்: வந்தவங்களுக்குக் காத்தக் குடுங்க. இந்த முறை வந்தவர்கள் உங்கள் பிள்ளைகள். மன்னாரில் என் காணிக்கு வேலி போட்டவர்கள் அதைப் பிரித்தெடுக்க வேண்டும். நான் போவேனா இல்லையா என்பது என் காரியம். அதை இனி இந்த ஊரில் யாரிடமும் நான் சொல்லக் கூடாது.

இத்தனை வருடமும் நீ தந்த காற்று என்னிடம்தான் இருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுக்க எதிரே ஓர் ஆள் நிற்க வேண்டும். உன்னால் இனி முடியாது. உன் மகன் நிற்க வேண்டும்.