நீ நெஞ்சில் கை வைத்தபோது

என் பிரிய மச்சான் ஏகாவுக்கு,

நீ போய் நாலு மாதம் ஆகிறது. உன்னைப் பற்றி ஊரெல்லாம் பேசி முடித்துவிட்டது. நான்தான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. பேச வேண்டியவனும் நான்தான்.

பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுக்கடையில் நாளெல்லாம் புடவை பிரித்துப் போடுவாய். ஞாயிறானால் கபடி. பின்னாலேயே கேமரா ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு நான். நீ கோப்பை ஜெயித்த அன்றெல்லாம் பெரிய டிவிக்காரர்களுக்குப் போன் போடுவேன். "லோக்கல் கபடியா? பாக்கலாம் பிரதர்" என்பார்கள். பார்த்ததே இல்லை. அந்த வயிற்றெரிச்சலில்தானே நாமே ஒரு சேனல் தொடங்கினோம்?

"பாயின்ட் எடுத்தா சும்மா வராத மச்சான். நெஞ்சுல தட்டிக்கினு கேமராவப் பாரு. அதத்தான் ஜனம் ஷேர் பண்ணும்" என்று சொன்னவன் நான். "இன்னாடா இது, சினிமாவா?" என்று முதலில் கூச்சப்பட்டாய். அப்புறம் உனக்கே பிடித்துப்போனது. தொட்டுவிட்டு வந்தால் நெஞ்சில் ஒரு தட்டு, என் பக்கம் ஒரு பார்வை. ஆட்டம் முடிந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் "எடுத்தியாடா?" என்று ஓடி வருவாய்.

ஓரிக்கை மைதானத்தில் அன்று சாயங்காலம் லைவ் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேரைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டைத் தாண்டினாய். நெஞ்சில் கை வைத்தாய். என்னைப் பார்த்தாய். போஸ் கொடுக்கிறாய் என்று நினைத்து ஜூம் பண்ணினேன், மச்சான். ஸ்கிரீன் முழுக்க உன் முகம். கூட்டம் விசிலடித்தது. நீ மண்ணில் சாய்ந்த பிறகுதான் கேமராவை விட்டு ஓடி வந்தேன். முன்னாடியே வந்திருந்தால் பிழைத்திருப்பாயா? டாக்டரிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் அதே டிவிக்காரர்கள் பொழுதுக்கும் உன்னைத்தான் காட்டினார்கள். உன் கையைச் சுற்றிச் சிவப்பு வட்டம், பின்னால் சோக மியூசிக். நம் சேனலில் இருந்ததை அன்றைக்கே அழித்துவிட்டேன். அதற்குள் எடுத்தவர்கள் எடுத்துவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போன் போட்டுக் கெஞ்சினேன். "ஃபேமிலியா? அப்ப ஒரு பேட்டி குடுங்க பிரதர்" என்றான் ஒருவன். வாயில் வந்ததையெல்லாம் விழுங்கிவிட்டு அடுத்த நம்பருக்குப் போட்டேன். இப்போதும் அது ஓடுகிறது, ஏதோ ஊறுகாய் விளம்பரத்துக்கு அப்புறம்.

உன் பெயரில் கோப்பைப் போட்டி நடத்தப்போகிறார்களாம். லைவ் எடுக்க என்னைக் கூப்பிடுகிறார்கள். அதற்குப் பயிற்சி நடக்கிற இடத்தில் போய் நின்று பார்த்தேன். சின்னப் பையன்கள்கூட உன்னை மாதிரியே நெஞ்சில் தட்டிக்கொண்டு கேமராவைத் தேடுகிறார்கள். இவர்களில் யாருக்காவது நிஜமாகவே வலித்தால் எனக்கு எப்படித் தெரியும்? பாதியிலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உன் அம்மா கண்ணில் அந்த வீடியோ படக்கூடாது என்றுதான் இத்தனை அலைந்தேன். போன வாரம் அத்தையே என்னைக் கூப்பிட்டார். கையில் போன், அதில் நீ. பக்கத்து வீட்டில் யாரோ அனுப்பியிருக்கிறார்கள்.

"நெஞ்சப் புடிச்சிக்கினு நிக்கிறானே குமாரு. அத்தினி பேர் இருந்தீங்களே, ஒருத்தர்கூடவாப்பா பாக்கல?"

"பாக்கல அத்தை" என்றேன்.

அத்தை எழுந்து அடுப்படிக்குப் போனார். காபி போட்டுக் கொடுத்தார். நானும் குடித்துவிட்டு வந்தேன். நினைக்க நினைக்க என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அந்த வீடியோவை என்னால் அழிக்க முடியாது, மச்சான். உன்னையும் கொண்டுவர முடியாது. நான் சொன்ன பொய்யை மட்டும்தான் திருத்த முடியும். திருத்தினால் அந்த வீட்டுக்குள் என்னை மறுபடி விடுவார்களா, தெரியவில்லை. வருகிற ஞாயிறு போகிறேன். "ஒருத்தன் பாத்தான் அத்தை. பாத்துக்கினே இருந்தான்" என்று சொல்லிவிடுகிறேன். உன்மேல் சத்தியம்.

கேமராவுக்குப் பின்னால் நின்ற
உன் மாமா பையன்,
குமார்