இருபத்திரண்டு சென்டிமீட்டர்

அக்கா,

மார்ச் 11, செவ்வாய், காலை 10:40. பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். நான்கு பேருந்துகள் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டன. எலும்பு மருத்துவரை 10:15-க்குப் பார்த்திருக்க வேண்டும். போன் செய்து கெஞ்சியதில் வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு வரச் சொன்னார்கள். அதுவும் தவறினால் பதிவை நீக்கிவிடுவார்களாம். மறுபடி இடம் கிடைக்க ஐந்து மாதம் ஆகும்; அதற்குள் முழங்கால் மடங்காமலே இறுகிவிடும்.

தப்பு என் கணக்கில்தான். பணிமனையில் நடைமேடையை ஒட்டி நின்ற பேருந்தின் படியை அளந்தேன். இருபத்திரண்டு சென்டிமீட்டர். அவ்வளவு உயரம் என்னால் ஏற முடியும். இங்கே எந்த ஓட்டுநரும் ஓரமாக நிறுத்துவதில்லை. நடுச்சாலையில், தரையிலிருந்து படி நாற்பது.

கடைசி வண்டியின் நடத்துநர், "ஏறுறீங்களா, இல்ல ஆராய்ச்சி பண்றீங்களா?" என்றார்.

"ஓரமா நிறுத்துங்க, ஏறிக்கிறேன்."

"அப்ப துரைக்குத் தனி வண்டிதான் வரணும்" என்று மணியை அடித்துவிட்டார். உள்ளே எல்லோரும் சிரித்தார்கள். நகைச்சுவை சுமார்தான்.

வலி அதிகமில்லை. கேட்காதே.

இனி நான் செய்யப்போவது:

1. ஊன்றுகோலோடு வீட்டுக்கு நடப்பேன். இருநூறு அடி, இரண்டு இடத்தில் நிற்பேன்.
2. அளவு எழுதிய தாளைக் கிழித்துப் போடுவேன்.
3. போன மாதம் நீ காரோடு வந்தபோது, "உன்ன யாரு கூப்பிட்டா?" என்றேன். வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குக் கதவைத் திறந்து வைத்திருப்பேன். அப்படிக் கேட்க மாட்டேன்.

உன் தம்பி